நான்கு டிகிரி

இரண்டு மணி பத்து நிமிடம்.
பெருநாடியில் கிளாம்ப் விழுந்ததும்
கடிகாரத்தைப் பார்த்து உரக்கச் சொன்னேன்.
அது என் வேலை.
யாராவது சொல்ல வேண்டும்,
அங்கிருந்துதான் கணக்கு.

குளிர்ந்த திரவம் ஏற ஏற
ரத்தம் வழிவிட்டது.
ஈரல் வெளுத்து
அவித்த பனங்கிழங்கின் நிறத்துக்கு வந்தது.

பிரம்மசக்தி, இருபத்தாறு வயது.
ஸ்கூட்டர், வண்ணார்பேட்டை வளைவு, மழை.
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் மூன்று நாள்.

அப்பா சொரிமுத்துவுக்குப் பேட்டையில் லேத் பட்டறை.
கையெழுத்துக்கு முன் ஒன்றுதான் கேட்டார்:
"அந்தத் தண்ணி எதுக்கும்மா?
லேத்துல கூலண்ட் விடுத மாதிரியா?"

ஆமாம் என்றேன்.
முழு உண்மை இல்லை.
குளிரில் செல் நின்றுவிடுவதில்லை.
மூச்சைப் பத்தில் ஒன்றாய்ச் சுருக்கி
கையிருப்பைத் தின்றுகொண்டிருக்கிறது.
சோடியத்தை வெளியே இறைக்கும் பம்புக்குக்
கரண்டு குறைகிறது.
அந்த மார்கழி வெள்ளத்தில்
கைலாசபுரம் வீடுகளில் ஏறியதுபோல
ஓசையில்லாமல் தண்ணீர் ஏறும்.
தடுக்கத்தான் திரவத்தில் பெரிய சர்க்கரைகள்:
வாசலுக்குள் நுழைய முடியாத பருமன்,
வெளியே நின்றே தண்ணீரைப் பிடித்து வைப்பவை.
எவ்வளவு நேரம் பிடிக்கும்
என்று அவர் கேட்கவில்லை.

"ஓடுத மிஷின் போவாது.
நின்னு கெடக்கதும் போவாது.
ரொம்ப நேரம் நின்னதச் சட்டுனு போட்டாத்தான்
பேரிங் போவும்" என்றார்.
கையெழுத்திட்டார்.
பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

ஆயா பாக்கியத்தாய் என் காதில் சொன்னாள்:
"பெத்த மனம் பித்துன்னு சொல்லுவாவ.
இந்த மனுசன் கல்லால்லா நிக்காரு."

மூன்று பை, ஒன்றுக்குள் ஒன்று.
சுற்றிலும் ஐஸ், பெட்டி, பட்டை.
டிரைவர் மைதீன் பிச்சை
முன்பு கூட்டப்புளியிலிருந்து கொல்லத்துக்கு
மீன் ஏற்றியவர்.
"இன்னும் ரெண்டு கூடை அள்ளிப் போடட்டா, டாக்டரம்மா?"
நான் டாக்டரம்மா இல்லை.
வேண்டாம், ஐஸ் நேரே தொட்டால்
செல்லுக்குள் ஊசி முளைக்கும்.
"மீனுக்கு நாங்க அப்படித்தான..."
மீன் செத்தது அண்ணே, என்றேன்.
கங்கைகொண்டான் தாண்டும்வரை
அவர் வாய் திறக்கவில்லை.

கயத்தாறில் நின்றோம்.
காற்றாலை இறக்கை ஒன்று டிரெய்லரில் படுத்து
சாலையைக் குறுக்கே அடைத்துக்கொண்டு.
விசில், விளக்கு, போலீஸ், எல்லாம் இருந்தது.
அறுபது மீட்டர் இறக்கைக்கு
அவசரம் சொல்லித் தர யாராலும் முடியவில்லை.
பதினோரு நிமிடம்.
மைதீன் பிச்சை இறங்கி ஓடினார்:
"எல, வண்டிக்குள்ள உசுரு இருக்குடே!"
வெள்ளை வால்நுனி
எங்கள் கண்ணாடிக்கு மேலே
மெல்ல, மிக மெல்ல நகர்ந்தது.
என் கை பெட்டியின் மேலே.
மானி நான்கிலேயே நின்றது.

மதுரை. ஒன்பது இருபது.
கிளாம்பை எடுத்தார்கள்.
இதுதான் எனக்குப் பழகவே பழகாத இடம்.
ஏழு மணி நேரம் மூச்சில்லாமல் தாங்கிய செல்
மூச்சு திரும்பும்போது பற்றிக்கொள்கிறது.
எரிக்காமல் சேர்த்ததெல்லாம்
ஒரே நொடியில் எரிகிறது.
உறங்கிய காவல் செல்கள் திடுக்கிட்டு எழுந்து
வீட்டாரையே அடிக்கும்.
ரத்த அழுத்தம் அறுபது.
ஐம்பத்திரண்டு.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
ஐம்பத்தைந்து.
அறுபத்தெட்டு.
ஓரம் முதலில் சிவந்தது.
பிறகு திட்டுத் திட்டாக, நம்பாததுபோல, மற்ற இடம்.

மாலையில் நெல்லையிலிருந்து ஜெபக்கனி பேசினாள்:
"எரிச்சு முடியுத வரைக்கும் அசையலக்கா அவரு.
சிந்துபூந்துறையில முங்கி எந்திச்சதும்
யாரோ சுக்குக் காப்பி குடுத்தாவ.
ஒரு மடக்குத்தான் குடிச்சாரு.
சூடு உள்ள எறங்குச்சு பாருங்க..."
அவள் மேலே சொல்லவில்லை.
தூரத்தில் ஆற்றுச் சத்தம்போல ஏதோ கேட்டது.
ஆறாக இருக்காது.

போனை வைத்துவிட்டு
ஐசியூ சார்ட்டில் எழுதினேன்:

பித்தநீர் வருகிறது.
பொன்னிறம்.
நாற்பது மில்லி.